நிஜாம் பாய் போட்ட பூட்டு

நிஜாம் பாய் இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே. ஏழு மணிக்கு அவருடைய தம்பி ஜாபர் போனில் சொன்னார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். இரும்புலியூரில் நாங்கள் நடத்தும் ஏரியா வாரப் பத்திரிகையின் கம்ப்யூட்டரில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர். அதில் பல ப்ரோக்ராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்புக்கு லைப்ரரி என்று பெயர்.

"பத்து ப்ரோக்ராமுக்கும் ஒரே லைப்ரரியா? ஆளுக்கு ஒண்ணு வெச்சா என்ன பாய்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை ஸ்டேப்ளர் சார்?"

ஒன்றுதான். எல்லோரும் அதையே மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வோம்.

ஒரு வியாழக்கிழமை... பக்கங்கள் அச்சுக்குப் போகும் நாள். லேஅவுட் செய்யும் வசந்தா, பாட்டுக் கேட்க ஒரு ப்ளேயரை ஏற்றினாள். அதற்கு அந்த லைப்ரரியின் புது வெர்ஷன் தேவை. ப்ரோக்ராம்களை ஏற்றித் தரும் பேக்கேஜ் மேனேஜர், வேண்டாம் என்று மறுத்தது. ஃபோர்ஸ் என்ற கட்டளை கொடுத்து வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டாள்.

பாட்டு வந்தது. பழைய வெர்ஷனை நம்பியிருந்த லேஅவுட் ப்ரோக்ராம் திறக்கவில்லை.

"அதுதான் வேணாம்னு சொல்லுச்சுல்லம்மா?" போன் செய்ததும் ஓடிவந்த பாய் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அது எல்லாத்துக்கும்தான் வேணாம்னு சொல்லுது அண்ணா. உங்கள மாதிரியே."

சிரித்துவிட்டார். பழைய வெர்ஷனைத் திரும்ப வைத்து, இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினார். ஆறு மணிக்குப் பக்கங்கள் போயின.

மறுநாள் வசந்தாவின் மேஜைக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. பாய் கொடுத்தனுப்பியது.

அந்தப் பூட்டு மூன்று வருடம் இருந்தது. போன மாதம் புது பிரிண்டர் வாங்கினோம். அதற்கு அந்த லைப்ரரியின் புது வெர்ஷன் வேண்டும். பழைய இதழ்களின் பக்கங்களைத் திறக்கப் பழையதுதான் வேண்டும். அச்சுப் பிரதிகளில் பாதி மழைத் தண்ணீரில் போய்விட்டன. கம்ப்யூட்டரில் இருப்பதுதான் மிச்சம்.

"பூட்டினது நான்தான் சார். அன்னிக்கு இருந்த அவசரம். நானே சரி பண்ணித் தரேன்."

இரண்டு வெர்ஷனும் வேறு வேறு பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி தனி பேக்கேஜ் ஒன்று செய்தார். இந்தத் திங்கட்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"ரெடி சார். பழைய பக்கம் ஒண்ணு திறந்து பாத்துட்டுக் கொடுத்துடுறேன்."

பார்த்தாரா, தெரியவில்லை. அந்தப் பேக்கேஜைப் பதிந்த சிடி கடை மேஜையில் இருக்கிறது என்கிறார் ஜாபர்.

அடக்கம் இன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு. செய்து கொடுத்த அத்தனைக்கும் நன்றி, பாய்.

வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வசந்தா அந்த சிடியைப் போட்டுப் பார்க்கிறாள். பக்கம் திறக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.