ரோஜாவுக்கு ஆகாத வீடு

ஜெசிந்தா துடைப்பத்தையே தூக்கிப் போட்டுவிட்டாள். திண்டிவனத்து டாக்டரம்மா சொன்னதுதான்: "பெருக்கினா தூசு எழும்பும். ஈரத்துணியால துடைங்க. பஞ்சுத் தலகாணி வேணாம். போர்வைய வெந்நீர்ல அலசிப் போடுங்க." ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ரோஜாவுக்குத் தூசு ஆகாது. தும்மலில் தொடங்கி மூச்சிரைப்பில் கொண்டுபோய் விடும்.

திண்டிவனத்துக்கு வெளியே, கல் உடைக்கும் கிரஷருக்குப் போகும் மண்சாலையோரம் வீடு. கணவன் தேவாவுக்கு அந்தக் கிரஷரில்தான் வேலை. வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அதற்குள் ஓடிவரும் பிள்ளையை, "கிட்ட வராத கண்ணு" என்று தடுப்பான்.

ஜன்னல் கம்பி, பீரோ மேல், ஃபேன் இறக்கை, மாதா படம் என்று ஜெசிந்தா துடைத்துக்கொண்டே இருப்பாள். ரோஜா அழ அழ அவளுடைய கரடி பொம்மையையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். துடைத்து நிமிர்ந்தால் ஒரு லாரி போகும். தரையெல்லாம் மறுபடி வெள்ளை மாவு. ஜன்னலைச் சாத்தினால் தகரக் கூரைக்குள் பிள்ளை வெந்துபோகும்.

மாசியில் ஒருநாள் ரோஜாவுக்கு உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். மருந்துப் புகை வைத்த பிறகுதான் மூச்சு அடங்கியது.

"இன்னும் நல்லா க்ளீன் பண்ணணுங்களா டாக்டர்?"

டாக்டரம்மா அவளுடைய வெடித்த விரல்களைப் பார்த்தார். "நீங்க செய்யாதது எதுவும் இல்லம்மா. அந்த எடந்தான் கொழந்தைக்கு ஆகல."

"எங்க போறது? எனக்கு வேற என்னா வேல தெரியும்?" என்றான் தேவா.

குயிலாப்பாளையத்தில் இருக்கும் அவன் தங்கை பிரபாவதி வந்து ரோஜாவை அழைத்துப்போனாள். அங்கே மரமும் கடல் காற்றும். இரைப்பு நின்றது. சிரித்து ஓடுகிறாள் என்று போனில் கேட்டபோது ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்ததும் அழுதாள்.

ஈஸ்டருக்கு வந்தவளுக்கு மறுநாளே இழுக்கத் தொடங்கியது. முதுகைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவிடம் ரோஜா, "அத்த வூட்டுக்கே போயிடறேம்மா" என்றாள்.

"நீயும் அங்கயே போயி இரேன்" என்றான் தேவா. போகத்தான் நினைத்தாள். ஆனால் கொஞ்ச நாளாக அவனே விடாமல் இருமிக்கொண்டிருந்தான்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம், வாய்யா."

"எடுத்து? வேலைய வுட்டுடுன்னு சொல்வாங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.