ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவள்

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அணைக்கட்டு என்ற எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் பிள்ளை பெற்றார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து வயது நிறையாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, அப்பாக்கள் வாய் கூசாமல் சொன்ன தேதி அது. நிஜத்தில் நான் அதே வருடம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பிறந்தவள். நாலரை வயதிலேயே என்னை ஒன்றாம் வகுப்பில் தள்ளிவிட்டார் என் அப்பா.

பிளஸ் டூ படிக்கும்போது, சட்டம் சொல்லித்தர ஒரு வக்கீலம்மா பள்ளிக்கு வந்தார். வீட்டை விட்டுத் தனியாகப் போய் இருக்க எத்தனை வயதாக வேண்டும் என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. பதினெட்டு நிறைந்துவிட்டால் எங்கே இருப்பது என்பது உன் முடிவு, அதுவரை பெற்றோர் பொறுப்பு என்றார் அவர். அன்றிலிருந்து காலண்டரில் ஜூன் ஒன்றைத் தவிர எனக்கு வேறு தேதியே கண்ணில் படவில்லை.

பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி எழுதியும், நர்சிங் சேரும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்து பரீட்சை எழுது என்றார் அப்பா. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன், அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றேன் நான். டேனரியில், பதனிடும் தோலை இருபது வருடம் புரட்டிய அப்பாவிடம் போய் இதைச் சொன்னேன்.

"இந்த நாத்தம் என்னோட போவட்டும்" என்றார். அவருடைய பிடிவாதம்தானே எனக்கும், கம்மியாகவா வந்திருக்கும்?

ஜூன் இரண்டாம் தேதி காலை, நான்கு சுடிதாரையும் ஆதார் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, அம்மா அழ அழ பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் அப்பா விடுதிக்கு வந்து நின்றார். வார்டன் அக்கா என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆதார்ல பதினெட்டு ஆயிட்ச்சு, சார். இல்லன்னு நீங்க எதனா பேப்பர் காட்டினா இப்பவே கூட்டிட்டுப் போங்க. நான் வெச்சிக்க மாட்டேன்."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிட்ச்சும்மா. நான்தான இஸ்கூல்ல சேத்தேன், எனக்குத் தெரியாதா?"

சாப்பாடு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். சட்டத்தைக் காட்டி அப்பாவையே மடக்கிவிட்டதாக அறைத் தோழிகளிடம் ஒரு மாதம் பீற்றிக்கொண்டேன்.

போன வருடம் பீரோவைச் சுத்தம் செய்த அம்மா, நான்காக மடித்த ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை என் கையில் கொடுத்தார். நான் பிறந்த உண்மையான தேதி அதில் இருந்தது. "அன்னிக்கு உங்கப்பா சட்ட ஜோபில வெச்சினு போனது இதான். இத்தக் காட்டி உன்ன இட்டுனு வர்றேன்னுதான் போனாரு."

என்னை அந்த விடுதியில் இருக்கவைத்தது சட்டம் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். சட்டைப் பையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டே, பள்ளியில் சேர்க்கச் சொன்ன அதே பொய்யை அப்பா எனக்காக இரண்டாம் முறை சொல்லிவிட்டுப் போனது அன்று எனக்குத் தெரியவில்லை.