முப்பத்தேழாம் அறைக்குக் குடி போனேன்

வழக்கமாக இங்கே மலைக்கோயில், அருவி என்று எழுதுவேன். இந்தத் தடவை போனது ஓர் அறைக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி, இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி. நாற்பத்தொரு வயதில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்து, ஜூலை மாதம் கரூரிலிருந்து மூட்டை கட்டினேன். பிள்ளைகளை விடுதியில் சேர்ப்பவர்களுக்கும், என்னைப் போலத் தாங்களே சேர்கிறவர்களுக்கும் இது உதவட்டும்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "பதினஞ்சே நாள்ல பெட்டியக் கட்டிட்டு வந்துருவ பாரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மனசார நம்பிச் சொன்னார், அதுதான் எரிச்சல். இங்கே வந்தால் வார்டனும் அதே பாட்டு. "இந்த வயசுல ஹாஸ்டல் ஒத்து வருமாம்மா? ஒரு மாசம் பாப்போம். ஒரு புகார் வந்தாலும் ரூம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற பொண்ணுக்குப் போயிடும்." சுவரில் ஆணி கூடாது, அடுப்பு கூடாது, கெட்டில் தண்ணீருக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைக்குக் கிளம்பினேன். அறைத்தோழி நஸ்ரின், ஆம்பூர்ப் பெண், இருபத்து மூன்று வயது. "அக்கா, கட்டில அளந்துட்டுப் போங்க. நான் மூணடி மெத்தை வாங்கி அரையடி தொங்குது" என்றாள். அளந்தேன். ஆறடிக்கு இரண்டரை. எந்த விடுதியானாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

அடையாறிலிருந்து தி.நகருக்குச் சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரங்கநாதன் தெருவுக்குப் பத்து மணிக்குள் போனால் நடக்கலாம். அதற்கப்புறம் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். வாளியும் மக்கும் 220 ரூபாய், கால்மிதி 80, ஒட்டுகிற கொக்கி ஓர் அட்டை 60, ஜன்னலுக்கு மஞ்சள் திரை 350. பெட்ஷீட் வாங்கவில்லை. கரூர்க்காரி சென்னையில் பெட்ஷீட் வாங்கினால் ஊருக்குள் விடமாட்டார்கள்.

எந்தக் கடையிலும் ஒரே கேள்விதான். "பொண்ணுக்காம்மா?" மூன்று கடைகளில், "எனக்குத்தாங்க" என்று நின்று விளக்கினேன். நான்காவது கடையில் வாய் வலித்துப்போய், "ஆமாங்க, பொண்ணுக்குத்தான்" என்றேன். "நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். சொல்லிவிடுகிறேன் என்று சில்லறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்து மயிலாப்பூர், மெத்தைக்காக. குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. அளவைச் சொன்னதுமே உள்ளேயிருந்து பஞ்சு மெத்தை ஒன்றை எடுத்துப் போட்டார்கள். 1,650 ரூபாய். சுருட்டிக் கட்டி ஆட்டோவில் ஏற்றியபோது எனக்கு உட்கார இடமில்லை. மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

"இன்னாக்கா, வூடு மாத்துறியா?" என்றார் ஓட்டுநர்.

"ஹாஸ்டல் ரூமுங்க. நாந்தான் படிக்கப் போறேன்."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். "சோக்கா கீதுக்கா! பால் காச்சிட்டியா?"

"ஹாஸ்டலுக்கெல்லாம் எதுக்குங்க?"

"படுத்துத் தூங்கப் போற எடமாச்சே. காச்சாம எப்டி?"

ஐந்து கிலோமீட்டருக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார், பேச்சு போகவில்லை. கல்யாணமாகி நாலு வீடு மாறியிருக்கிறோம். நாலு வீட்டிலும் பால் காய்ச்சியவள் நான், வீடு என் வீட்டுக்காரர் பெயரில். என் பெயரில் ஒதுக்கிய முதல் இடம் இந்த முப்பத்தேழாம் எண் அறைதான். விடுதி வாசல் கடையில் அரை லிட்டர் பால் வாங்கினேன்.

அறையில் மெத்தை போட்டு, திரை மாட்டி, கொக்கியில் பையைத் தொங்கவிட்டு முடிக்க நாலரை மணி. "எங்க வீட்லயும் காச்சுவாங்கக்கா" என்று நஸ்ரின் தன் கெட்டிலைத் தந்தாள். கெட்டிலுக்கு ஒரு குணம், கொதித்ததும் தானாக அணைந்துவிடும். பால் பொங்காமல் குடி போவதாவது? மூடியைத் திறந்து வைத்தால் அணையாது என்று கண்டுபிடித்தேன். எனக்குத்தான் என்ன மூளை!

பொங்கியது. பொங்கி, கெட்டிலின் அடியில் இறங்கி, 'டப்' என்றது. மின்விசிறி நின்றது. வராந்தா முழுக்க மின்சாரம் போய், பன்னிரண்டு அறைப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். பின்னாலேயே வார்டன். பதினைந்து நாள்கூட ஆகவில்லையே, வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் என் நினைப்பு.

வார்டன் மேசையைப் பார்த்தார். "தண்ணிக்கு மட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். தப்புதாங்க. பால் காச்சினேன்."

"கெட்டில்லயா? எதுக்கு?"

"குடி வந்துருக்கேன்ல மேடம்."

வார்டன் மஞ்சள் திரையைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார்.

"பொங்குச்சா?"

"பொங்குச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

பிளக் பக்கம் கையைக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்துத் திசை கணக்குப் போட்டார். "அது கிழக்குதான். சரி. கெட்டில் என்கிட்ட இருக்கட்டும், எலக்ட்ரீஷியன் செலவு உங்களோடது. மீதிப் பாலுக்குச் சக்கரை போட்டுப் பொண்ணுங்களுக்குக் குடுங்க." ஆளுக்கு ஒரு மடக்குதான் வந்தது. வார்டனும் குடித்தார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுண்ணாம்புச் சுவரில் கொக்கி நிற்காது, இரவே என் பை விழுந்தது, அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். தி.நகரை மதியத்துக்குள் முடியுங்கள். பால் காய்ச்ச ஆசைப்பட்டால் மெஸ் சமையலறையில் கேளுங்கள், தருவார்கள். அடுத்தவர் கெட்டிலைத் தொடாதீர்கள், நஸ்ரினுக்குப் புதிது வாங்க 750 ரூபாய் ஆயிற்று.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் அழைத்தார். "என்ன, பெட்டியக் கட்டியாச்சா?"

"பால் காச்சியாச்சுங்க" என்றேன்.

அப்புறம், "நான் வந்து பாக்கறேன். ஆம்பளைங்கள உள்ள விடுவாங்களா?" என்றார்.

"மெயின் கேட்டு வரைக்குந்தாங்க."