வசவோடு எழுதிய மனு

என் தங்கச்சி ஐந்தாவது வரைதான் படித்தவள். நான் அதற்கும் இரண்டு வகுப்பு குறைச்சல். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. நான் அங்கேயே வேன் ஓட்டுகிறேன். துணி பிழியும் மிஷின் அவள் பொறுப்பு. மூடியைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். ஒருநாள் நிற்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று மூடியின் சுவிட்சைக் கட்டிப் போட்டவன் சூப்பர்வைசர். அவனே, அவள் கைக்கட்டைப் பிரிக்கும் முன்பு, அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டான். எழுதிக் கொடுத்தாள். சிவப்பு மையில் பத்தொன்பது பிழையைச் சுழித்து நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தான்.

"விரலோட எழுத்தும் சேந்து போயிருச்சு போல" என்று சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் சிரித்தான். யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

பல்லை உடைக்கக் கிளம்பினேன். தங்கச்சி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு போனா வேற பல்லு கட்டிக்குவாண்ணே. நான் எழுதியே அவனை வீட்டுக்கு அனுப்புறேன்."

துணிமூட்டைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினாள். வரிக்கு ஒரு வசவு. வசவுக்கு நடுவில் தேதி, நேரம், பக்கத்தில் நின்றவர்கள் என்று எல்லாம் கொட்டியது.

"படிக்கவே கூசுதேம்மா" என்றேன்.

"கூசட்டும். கோவத்துலதான் ஞாபகம் வருது."

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைத் திருத்தி அடித்துக் கொடுத்தார். வசவை எடுத்தவர் தேதியையும் சேர்த்து எடுத்துவிட்டார். "பாதுகாப்புக் குறைபாடுகள் நிலவியதைப் பணிவுடன்" என்று ஒரு பக்கம். லட்சணமாக இருந்தது. உயிர் இல்லை.

விபத்து பற்றி ஆலையில் நடந்த விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். அவளுடைய கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போய்விடும். விசாரணை அதிகாரியம்மா அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"என்ன குறைபாடு, யாரு செஞ்சது, எப்போ? ஒண்ணுமே இல்லையேம்மா இதுல."

சூப்பர்வைசர் நகத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி பையிலிருந்து அந்தத் துணிமூட்டைச் சீட்டுகளை எடுத்தாள். "இது மொதல்ல எழுதினதுங்க மேடம். திட்டுதான் நெறைய இருக்கும். படிக்கட்டுமா?"

"படிங்க."

ஒரு வசவையும் விழுங்காமல் படித்தாள். "செவ்வாக்கிழமை காலைல ஒம்பதே காலுக்கு அந்தக் கட்டையில போறவன் நைலான் கயித்தால சுவிச்சக் கட்டினான்..."

"கயிறா?" சூப்பர்வைசர் துள்ளி நிமிர்ந்தான். "மிஷின் ஆடுற ஆட்டத்துக்குக் கயிறு தாங்குமா? கம்பி! தப்புத்தப்பா எழுதறதே இவளுக்குப் பொழப்பு."

அதிகாரியம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

"என்ன கம்பி சார், சொல்லுங்க."

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் ஆற அமரப் பார்த்தேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அவன் வேலை போயிற்று. தங்கச்சி வேலை நிலைத்தது. ஒரு மாதம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு நீ ஒரு லெட்டர் குடுத்தா திரும்ப எடுத்துக்குவாங்கம்மா."

"மொதல்ல நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் கொண்டாங்க சார். எடுத்த எடுப்புல சரியா வராது. தப்பும் தவறுமா எல்லாத்தையும் கொட்டுங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று தடவை கொண்டுவந்தான். அச்சடித்த மாதிரி கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. மூன்றும் "எதிர்பாராத விதமாக" என்றே ஆரம்பித்தன. மூன்றையும் திருப்பிக் கொடுத்தாள். நான்காவதற்கு எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.