தொலைக்காட்சி விழுங்கிய ஓரம்

மடிக்கணினியின் திரை உடைந்ததிலிருந்து அதைத் தொலைக்காட்சியில் இணைத்தே பாவிக்கிறோம். படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டே தெரியும். தொலைக்காட்சி வாங்கிய டவுன் கடையில் கேட்டேன். “அது அப்பிடித்தான் அக்கா, ஒண்டும் செய்யேலா,” என்றார் கடைக்காரர். நம்பினேன்.

போன மாதம் என் மகளுக்குச் சம்பந்தம் பேச, லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வீடியோ அழைப்பில் வந்தார். ஒரு மணித்தியாலம் அவரே கதைத்தார். மகனைக் கூட்டிவர அவர் எழுந்ததும், என் மகள் மைக்கை நிறுத்தும் விசையை அழுத்தினாள். அது நின்றதா என்று காட்டும் அடையாளம் திரையின் அடியில் இருக்கும். அந்த அடிதான் எங்களுக்குத் தெரியாதே! நின்றுவிட்டதென நினைத்து, பக்கத்தில் இருந்த என் தங்கையிடம், “மனிசி நம்மள வாய் திறக்க விடுறாவே இல்ல,” என்றேன்.

“கேக்குது தங்கச்சி,” என்று தொலைக்காட்சியிலிருந்து அவர் குரல் வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.

அன்றே மகள் ரிமோட்டில் தேடி, பட அளவை ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று மாற்றினாள். முழுப் படமும் வந்தது. ஒரு நிமிட வேலை! ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரைக் கேட்டேன். “அது ரிமோட்டிலயே இரிக்கிதானே அக்கா,” என்கிறார், கூச்சமே இல்லாமல்!

இப்போதெல்லாம் திரையின் மூலையில் கணினியின் மணிக்கூடு முழுதாகத் தெரிந்த பிறகே வாயைத் திறக்கிறேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் சம்பந்தி எப்போது அழைத்தாலும், “முதல்ல நீங்க கதையுங்க தங்கச்சி, நான் வாய் திறக்கல்ல,” என்கிறார். இந்தக் குத்தலை அந்தக் கடைக்காரரா வந்து கேட்கப்போகிறார்?