சரளைக்காட்டுக்கு எதிரே ஒரு வீடு

என் அப்பா கருப்பணன் ஆமத்தூர் வீட்டை விட்டுப் போனது 2015 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை. தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஊருக்குக் கிழக்கே எங்கள் கரிசல் நிலத்தின் ஓரத்தில் புதிதாக ஒற்றை அறை வீடு ஒன்று கட்டியிருந்தார். அங்கேதான் போனார். வாடகை வண்டியில் ஒரு கயிற்றுக் கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு சட்டி, சுவரில் மாட்ட ஒரு காலண்டர். அம்மா பஞ்சம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். வண்டியில் ஏறவில்லை.

"நீயும் வந்தாத்தான் குடும்பம் குடியிருக்குன்னு எழுதுவாக," என்றார் அப்பா.

"ஒங்க வயித்தெரிச்சலுக்கு நான் ஒலை வச்சுப் பொங்க முடியாது. நீங்களே போய் இருங்க."

டிரைவர் சிரித்துவிட்டான். அப்பா அவனை முறைத்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார்.

அது குடியிருக்க ஆசைப்பட்டுக் கட்டிய வீடு இல்லை. பக்கத்து நிலத்தை விற்கவிடாமல் செய்யக் கட்டியது. பக்கத்து நிலம் அவருடைய அண்ணன் சிவபாண்டியுடையது.

இரண்டும் முன்பு ஒரே நிலம். ஒரு காலத்தில் ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. ஜமீன் போனபின் வாரிசு ஒருவர் மதுரையில் குடியேறி, ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்து, கடைசியில் என் தாத்தா சங்கிலிமுத்துவுக்கு விற்றார். மேற்கே கரிசல், அதன் நடுவில் கிணறு. கிழக்கே வெறும் சரளை, சீமைக்கருவேலம். தாத்தா இறந்தபின் அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பங்கு பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். கூடக் குறைய வைத்துப் பிரித்தால் பிரித்தவருக்கே நஷ்டம்.

பெரியப்பா ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு கல்லை நட்டு, "இதுக்கு மேக்க ஒரு பங்கு, கெழக்க ஒரு பங்கு. கெழக்க பரப்பு கூட, மேக்க தண்ணி இருக்கு. எது வேணும்லே?" என்று கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை. கிணற்றுப் பங்கை எடுத்தார். அன்று பொழுது சாயும்வரை அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை என்பாள் அம்மா. "கருவேலத்த வெட்டிப் பொழைக்கட்டும்" என்றாராம்.

பெரியப்பா அப்படியேதான் பிழைத்தார். மரத்தை வெட்டி, அடுக்கி மண்ணால் மூடி மூட்டம் போட்டு, கரி சுட்டு விற்றார். மூட்டம் எரியும் நாட்களில் ராப்பகலாக அங்கேயே காவல் கிடப்பார். காற்று திரும்பினால் புகை எங்கள் பருத்திக்கு வரும். "அண்ணன் வீட்டுச் சீரு வந்துருச்சு," என்று அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பெரியப்பா கரிக்காசில் பழைய பைக் ஒன்று வாங்கினார். அடுத்த மாதமே எங்கள் வீட்டில் புது பைக் நின்றது. அப்பாவுக்கு அதை ஓட்டவே தெரியாது. நான்தான் ஓட்டினேன்.

பிறகு ராஜபாண்டியன் வந்தார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். பட்டாசுக்குக் கிணறும் வேண்டாம், கரிசலும் வேண்டாம். சுற்றிலும் ஆள் குடியிருக்காத இடம் வேண்டும். வீடு எதுவும் இருந்தால் அதிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் ஷெட் போடலாம் என்று விதி. சரளைக்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் கரிசல் போகிற விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார். லைசென்ஸ் கிடைத்ததும் பத்திரம் என்று பேச்சு.

அப்பா அன்று சோற்றில் கை வைக்கவில்லை. யாரையாவது திட்டலாம் என்றால் ஆள் இல்லை. பங்கை எடுத்தது அவரே. விடிந்ததும் செங்கல் லோடுக்குச் சொல்லிவிட்டார்.

வீடு எழும்பி, கரண்டு வாங்கி, அப்பா குடிபோன சில மாதங்களில் லைசென்ஸுக்காக இடத்தைப் பார்க்க சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். அம்மா கொடுத்துவிட்ட சோற்றுவாளியோடு அன்று நானும் அங்கே இருந்தேன். அப்பா காலையிலேயே துவைக்காத வேட்டிகளையெல்லாம் நனைத்துக் கொடியில் போட்டிருந்தார். சேலை ஒன்றும் தொங்கியது. முந்தின நாள்வரை அது ஜன்னலுக்குத் திரையாகக் கிடந்தது.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தலையணை.

"வீட்டுல அம்மா இல்லீங்களா?"

"சந்தைக்குப் போயிருக்கா," என்றார் அப்பா.

"இங்க சமையலே நடக்கலையே. வாளி ஊருல இருந்து வந்த மாதிரி இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அதிகாரி திரும்பி, கல்லுக்கு அந்தப் பக்கம் ராஜபாண்டியனோடு நின்றிருந்த பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, நீங்க பக்கத்து நிலத்துக்காரர். இவர் நிஜமாவே இங்கதான் குடியிருக்காரா? இல்லேன்னா சொல்லுங்க, எழுதிட்டுப் போயிடறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் விற்றுவிடும். ராஜபாண்டியன் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தலையைச் சொறிந்தார்.

"இங்கனதான் கெடக்கான் சார். மூட்டத்துக் காவலுக்கு நான் படுத்திருப்பேன்ல, இவன் இருமுறது அங்க வரைக்கும் கேக்கும். புகை ஒத்துக்கிடாது இவனுக்கு."

அதோடு லைசென்ஸ் பேச்சு நின்றது. அப்பா ஜெயித்துவிட்டார். ஆனால் அதிகாரியின் ஜீப் போனபின் அவர் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து சொன்னது இதுதான்: "பாத்தியா மீனா. நல்லவன்ங்கிற பேரையும் அவனே தட்டிட்டுப் போயிட்டான்."

ராஜபாண்டியன் விடவில்லை. மறுவாரம் நேரே அந்த வீட்டுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க நெலத்தையும் சேர்த்துக் குடுத்துருங்க. அதே வெலை. வேணும்னா ஒங்களுக்குக் கொஞ்சம் கூடவே போட்டுத் தாரேன்."

"அவனுக்கும் கெடைக்கும்ல?"

"ரெண்டும் சேர்ந்தாத்தான அண்ணாச்சி எனக்குக் கம்பெனி?"

"அப்ப வேண்டாம்."

வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார். வேறு எங்கேயோ இடம் வாங்கிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். ஆனாலும் அப்பா ஊர் வீட்டுக்குத் திரும்பவில்லை. தான் கிளம்பினால் இன்னொரு கம்பெனிக்காரன் வந்துவிடுவான் என்று பயம். அம்மா கடைசிவரை அங்கே போய் இருக்கவில்லை. சோற்றுவாளி மட்டும் தினமும் போய்வந்தது.

நான் அதன்பின் ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கேயும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருக்கப் பிடிக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்தில் ஒரு பழைய பண்ணை மாளிகையில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை. முன்கூடத்துப் பலகையில் அந்த நிலத்துக்கு யார் யார் சொந்தம் என்று வரிசையாக எழுதியிருக்கும். நானூறு வருடமாக ஒரே குடும்பம். ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் அவர்களுடையது. எனக்கு வயிறு எரியும். அப்பாவின் மகள்தானே.

திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தேன். கையில் வாங்கியதும், "அவனுக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டார்.

அந்த மாளிகையைப் பற்றிச் சொன்னேன். "ஒரு வரப்புகூடப் போடலப்பா. முழுசா அப்படியே கெடக்கு."

"அதெப்படி? அண்ணன் தம்பியே இல்லாத குடும்பமா?"

"இருந்தாக. எல்லாம் மூத்தவனுக்கே போயிருமாம்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அப்ப எளையவன்?"

"பட்டாளத்துல சேருவான். இல்லேன்னா கப்பலேறி நம்ம நாட்டுக்கு வந்துருவான்."

"வயித்தெரிச்சல்லதான் வந்திருப்பான்," என்றார். "பாவம்."

அவர் வேறு யாருக்காகவும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் என் போனுக்குப் பெரியப்பாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சோற்றுவாளியோடு போய் அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாளியைத் திறக்கவில்லை.

"மீனா, பெரியப்பா பேசுறேன். ஒங்கப்பன் கேக்குற மாதிரி போடு. ஏலே கருப்பணா, சரளைக்காட்ட சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாச்சு. இருவத்தஞ்சு வருசத்துக்கு. பக்கத்துல வீடு இருந்தா அவுகளுக்கு ஒண்ணும் இல்லையாம், இது என்ன வெடிமருந்தா. மாசம் பொறந்தாப் பணம் வந்துரும். நெலம் என் பேருலயேதான் இருக்கும், எனக்குப் பெறகு பிள்ளைகளுக்கு. நீ மட்டும் அன்னைக்கு அங்கன வீட்டக் கட்டலேன்னா அம்புட்டையும் வித்துத் தின்னுட்டு உக்காந்திருப்பேன். ஒன்னாலதாம்லே தப்பிச்சது. நாளைக்குக் கறி எடுக்கேன், பஞ்சம்மாளயும் கூட்டிக்கிட்டு வந்துரு."