வேலி ஓணானின் ரத்தம்

"ஆடி கடைசி வெள்ளி, காலை 7.40. ஆண் ஓணான். வால் நுனியில் காயம், ஒரு சொட்டு ரத்தம். சிவப்பணுக்களுக்குள் மலேரியா வகை ஒட்டுண்ணி. பழுப்பு நிறமி தெளிவு. இனம் தெரியவில்லை."

அன்று என் குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான். சுகாதார நிலையத்தில் கண்ணாடியில் தடவிய ரத்தத்தில் மலேரியாக் கிருமியைத் தேடுவதே என் வேலையாக இருந்தது. ஓய்வுபெற்றபின் அன்னூர் வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி வைத்திருக்கிறேன். பூனை கவ்வி வந்து போட்ட ஓணானை வேலியில் விடுமுன், கசிந்த ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயமிட்டேன். மனிதச் சிவப்பணுவில் கரு இருக்காது, ஓணானுடையதில் உண்டு. அந்தக் கருவை ஒட்டிக் கிடந்தது ஒட்டுண்ணி.

மகிழ்ச்சியில் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தவறு அதுதான். மாலையே குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரிவாளோடு ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டார். ஓணான்கள் குடியிருக்கும் என் கிளுவைச் செடி வேலியை வெட்டிக் கொளுத்த வேண்டுமாம்.

"ஏனுங்கக்கா, மலேரியாவ வேலில வளத்திப்போட்டு எங்களுக்குப் போட்டோ வேற அனுப்பறீங்களாக்கும்?"

"இது ஓணானுக்கு வர்றதுங்க. மனுசனுக்கு வந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

"கொசு புஸ்தகம் படிக்குமாங்க?"

அரிவாள்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை வேலிக்கு முன் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் கண்முன்னே என் விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவினேன்.

"தினமும் இந்த வேலியோரம் கொசுக்கடி வாங்கறவ நானுங்க. சாயம் ஊற அரைமணி ஆகும். இருந்து பாத்துட்டுப் போங்க."

இருந்தார்கள். செயலாளர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லீங்களே," என்றார்.

"ஒருத்தி ரத்தம் சாட்சிக்குப் பத்தாதுங்க. நீங்களும் வேலிக்கு அடுத்த ஊடுதானே? விரல நீட்டுங்க."

"அய்யோ, ஊசின்னா எனக்கு ஆவாதுங்கக்கா!" கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அரிவாள்காரர் அவருக்கும் முன்னதாகத் தெருவில் இறங்கிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவார்களாம். பேசட்டும். வேலியை வெட்ட வருகிறவர் முதலில் விரலைத் தரவேண்டும் என்று குழுவிலேயே எழுதிவிட்டேன். இதுவரை யாரும் வரவில்லை.

அந்த ஓணானுக்கு ஒட்டுண்ணியை ஏற்றியது கொசுவா, மணல் ஈயா, வேறு பூச்சியா? எனக்குத் தெரியாது. இன்னும் சரிபார்க்கப்படவில்லை.